பழைய ஹொண்டாவுக்கு டெப்பட் பார்க்க ஒரு கராஜ்: தலவாக்கலை – லிந்துலை வீதியிலிருந்து ஒரு மதிப்புரை

தலவாக்கலையிலிருந்து லிந்துலைக்குச் செல்லும் வீதியோரத்தில், பெயர்ப்பலகை எதுவுமின்றித் தகரக் கூரையின் கீழ் இயங்கும் ஒரு சிறிய மோட்டார் சைக்கிள் கராஜில், பழைய என்ஜின்களுக்கு டெப்பட் செட் பண்ணும், அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்யும், வேலை எப்படி நடக்கிறது என்பதைப் பற்றியது இந்த மதிப்புரை. அங்கே பஞ்சர் ஒட்டுவதிலிருந்து கிளட்ச் தட்டு மாற்றுவது வரை எல்லா வேலையும் நடக்கிறது. அவற்றில் பலவற்றை எந்த டவுனிலும் இதே தரத்தில் செய்து கொள்ளலாம். ஆனால் வால்வு இடைவெளியை அளந்து, சரிசெய்து, அளந்த கணக்கை எழுதியும் வைக்கிற ஒரு கராஜ் இந்தப் பக்கத்தில் வேறெங்கும் என் கண்ணில் படவில்லை. அந்த ஒரு வேலைக்காக மட்டும் இந்த இடத்தைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். குறைகளும் இருக்கின்றன, அவற்றையும் சொல்கிறேன்.

மலையகத்தில் இந்த வேலைக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பதை வெளியூர் வாசகர்களுக்காகச் சிறிது விளக்க வேண்டும். இங்கே இன்றும் தினமும் ஓடிக்கொண்டிருக்கும் ஹொண்டா எம்டி 90, சி 90, இரட்டை சிலிண்டர் சிடி 125 போன்றவை பெரும்பாலும் ஜப்பானில் ஒரு முழு வாழ்க்கை வாழ்ந்துவிட்டு வந்தவை. எம்டி 90 அங்கே தபால் விநியோகத்துக்கென்றே செய்யப்பட்டது. சிறிய சக்கரமும் பெரிய கெரியருமாக அது வந்து இறங்கியபோது, தேயிலை மலைகளின் கல் பாதைக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி இல்லை என்று நம்மவர்கள் கண்டுகொண்டார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் புதிய வண்டிக்கு மாற நினைத்தவர்களும் பழையதையே பழுதுபார்த்து ஓட்ட வேண்டியதாயிற்று. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில், ஜூலை மாதம் கியூஆர் முறை வந்தபோது, மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று அளந்து கொடுத்த நாட்களில், ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை எல்லோரும் விரல்விட்டு எண்ணினோம். அப்போதுதான் பலருக்கும் டெப்பட் நினைவுக்கு வந்தது.

வால்வு இடைவெளி என்பது மிகச் சிறிய விடயம். கேம் தண்டின் மேடு ராக்கரை உதைக்கிறது, ராக்கரின் மறுமுனையிலுள்ள திருகு வால்வுத் தண்டின் தலையை அழுத்துகிறது, வால்வு திறக்கிறது. வால்வு மூடியிருக்கும்போது அந்தத் திருகின் நுனிக்கும் வால்வுத் தண்டின் தலைக்கும் இடையே மயிரிழை போன்ற ஒரு வெளி இருக்க வேண்டும். ஹொண்டாவின் இந்தச் சிறிய கிடைநிலை என்ஜின்களுக்கு அது, என்ஜின் குளிர்ந்திருக்கும்போது, கலவையை உள்ளே விடும் வால்வு, புகையை வெளியே விடும் வால்வு இரண்டுக்கும் 0.05 மில்லிமீட்டர், நாம் எழுதும் சாதாரணத் தாளின் தடிப்பில் ஏறத்தாழப் பாதி. தள்ளுகோல் வைத்த சிஜி 125 என்றால் 0.08. என்ஜின் சூடேறும்போது வால்வுத் தண்டு நீள்வதற்கு இந்த வெளி இடம் கொடுக்கிறது. வெளி அதிகமானால் 'டிக் டிக்' என்று சத்தம் வரும், வால்வு தாமதமாகத் திறந்து சீக்கிரமாக மூடும், இழுவை சற்றுக் குறையும். அதற்குமேல் உடனடிக் கேடு இல்லை. வெளி குறைந்தாலோ சத்தம் அடங்கிவிடும். வண்டி முன்னைவிட மெதுவாகப் பாடுகிறது என்று உரிமையாளர் மகிழ்ந்துகொண்டிருக்கும் அதே வேளையில், வால்வு தன் இருக்கையில் முழுமையாக அமராமல் நெருப்புக் காற்றைக் கசியவிட்டுக்கொண்டிருக்கும். புகை வெளியேறும் வால்வு தன் சூட்டின் பெரும்பகுதியை இருக்கையோடு ஒட்டியிருக்கும் அந்தச் சிறு நேரத்தில்தான் சிலிண்டர் தலைக்குக் கடத்துகிறது. ஒட்டும் நேரம் குறையக் குறைய வால்வின் விளிம்பு எரிந்து தேயும். ஆகவே சத்தம் போடும் டெப்பட்டைவிடச் சத்தமே போடாத டெப்பட்டுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

சமவெளியில் ஓட்டுபவர்களுக்கு இது மெதுவாக வரும் நோய். நமக்கு அப்படியல்ல. அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டப் பாதையொன்றில், பின்னால் ஓர் ஆளும் முன்னால் ஒரு மா மூட்டையுமாக, முதல் கியரிலேயே நீண்ட ஏற்றம் ஏறும் 90 சிசி என்ஜினை எண்ணிப் பாருங்கள். என்ஜின் வேகமாகச் சுழல்கிறது, வண்டியோ நடந்து செல்பவரின் வேகத்தில் நகர்கிறது. காற்று பட்டுக் குளிர வேண்டிய என்ஜினுக்குக் காற்றே கிடைப்பதில்லை. வெளியே குளிர் எவ்வளவு இருந்தாலும் சிலிண்டர் தலை கொதித்துக்கொண்டிருக்கும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நுவரெலியா நகரம் 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று மெலியும்போது கார்புரேட்டர் வண்டியில் பெற்றோல் கலவை தடித்துவிடுகிறது: பிளக் கறுக்கிறது, ஐட்லிங் தடுமாறுகிறது, இழுவை குறைகிறது. புகை வால்வு இறுகியிருந்தாலும் ஐட்லிங் தடுமாறுகிறது, இழுவை குறைகிறது. அறிகுறிகள் ஒன்றையொன்று மறைத்துக்கொள்வதால், இந்த மலைகளில் இழுவை குறைந்த வண்டியென்றாலே முதலில் கார்புரேட்டரில்தான் கை வைக்கிறார்கள். பிரித்தறிய எளிய வழி ஒன்று இருக்கிறது. குளிர்ந்த காலையில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகி, ஓடிச் சூடான பின் நிறுத்திய வண்டி திரும்ப ஸ்டார்ட் ஆக மறுத்தால், அத்தோடு கிக்கரை மிதிக்கும்போது காலுக்கு எதிர்ப்புக் குறைந்து 'பொசுக்'கென்று இறங்கினால், கார்புரேட்டரை விட்டுவிட்டு வால்வைப் பார்க்க வேண்டும். என் எம்டி 90 இதே நிலையில் இருந்தபோது, நகரத்திலுள்ள வேறொரு கராஜில் ஓடி வந்த சூட்டோடு மூடியைத் திறந்து, ஸ்குரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்துக் கேட்டபடியே திருகைத் திருப்பி, சத்தம் போய்விட்டது என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டார்கள். சத்தம் உண்மையாகவே போயிருந்தது. அடுத்த ஏற்றத்தில் வண்டியும் நின்றது.

தலவாக்கலைக் கராஜில் முதலில் கவனத்தைக் கவர்வது, அவர்கள் வேலையைத் தொடங்க மறுப்பதுதான். டெப்பட் பார்க்க வேண்டும் என்று நண்பகலில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால், பாஸ், அதாவது கராஜின் மெக்கானிக், என்ஜின் மீது கையை வைத்துப் பார்த்துவிட்டு, "வச்சிட்டுப் போங்க சேர், விடியக்காலம பார்ப்போம். சூட்டுல பார்க்குற அளவு எல்லாம் பொய் அளவு" என்று அனுப்பிவிடுகிறார். ஹொண்டா கைநூல்கள் என்ஜின் 35 பாகை செல்சியஸுக்குக் கீழே இருக்கும்போது அளக்க வேண்டும் என்கின்றன. இரண்டு மூன்று மணி நேரத்தில் அந்த நிலை வந்துவிடும், நம் குளிருக்கு இன்னும் விரைவாகவே வரும் என்று வாதிடலாம். அவர் ஏற்பதில்லை. இரவு முழுவதும் நின்ற வண்டியைத்தான் தொடுவார், அதுவும் நாளின் முதல் வேலையாக, கடை திறந்தவுடன். இது பிடிவாதம் என்று தோன்றலாம். எனக்கு இதில் ஒரு நியாயம் தெரிகிறது. ஒவ்வொரு முறையும் ஒரே நிலையில் அளந்தால்தான் சென்ற முறை அளவோடு இம்முறை அளவை ஒப்பிட முடியும். அலுமினியம் சூட்டுக்கு விரியும் அளவு இரும்பைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. தலை அலுமினியமும் வால்வு உருக்குமாக இருக்கும் என்ஜினில் பாதிச் சூட்டில் எடுத்த அளவு எந்தப் பக்கம் பிழைக்கும் என்று யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

அளக்கும் முறையில் அவசரம் இல்லை. பிளக்கைக் கழற்றி வைக்கிறார். அழுத்தம் இல்லாதபோது என்ஜினைக் கையால் சுற்றுவது எளிது. இடப்பக்க மூடியை எடுத்துவிட்டு, ஃப்ளைவீலை அது ஓடும் திசையிலேயே, அதாவது இடமிருந்து பார்ப்பவருக்கு எதிர் மணிச்சுற்றாக, மெதுவாகத் திருப்பி, 'டி' என்று பொறித்த கோட்டை என்ஜின் உடலிலுள்ள குறிக்கு நேரே கொண்டுவருகிறார். பக்கத்திலேயே 'எஃப்' என்றொரு கோடும் இருக்கும். அது பற்றவைப்பு நேரத்துக்குரியது, அவசரக்காரர்கள் அதில் நிறுத்திவிடுவார்கள். 'டி' நேராக வந்தால் மட்டும் போதாது. நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் பிஸ்டன் உச்சிக்கு இரண்டு முறை வருகிறது, ஒன்று கலவையை அழுத்தி முடித்த உச்சி, மற்றது புகையைத் தள்ளி முடித்த உச்சி. இரண்டாவது உச்சியில் இரு வால்வுகளும் சற்றே திறந்திருக்கும். அங்கே வைத்து இடைவெளி கொடுத்தால் வால்வு மூடும்போது வெளி அளவுக்கு மிஞ்சிப் போய்விடும். இரு ராக்கர்களையும் விரலால் அசைத்துப் பார்த்து, இரண்டிலும் சிறு ஆட்டம் இருந்தால்தான் அது சரியான உச்சி. இல்லையென்றால் இன்னொரு முழுச் சுற்று. சிடி 125 இரட்டை சிலிண்டரில் இரு பிஸ்டன்களும் சேர்ந்தே ஏறி இறங்கினாலும், ஒன்று அழுத்த உச்சியில் இருக்கும்போது மற்றது புகை உச்சியில் இருக்கும். அங்கே ஒரு சிலிண்டரை முடித்து, முழுச் சுற்றுச் சுற்றிய பிறகே அடுத்ததைத் தொடுகிறார். ஒரே நிலையில் நிறுத்தி நான்கையும் திருகிவிட்டு, "வண்டி ரெட்டைச் சிலிண்டர்ல ஒத்தையா ஓடுது" என்று பிறகு தலையைச் சொறிபவர்களை நான் வேறு இடங்களில் கண்டிருக்கிறேன்.

இடைவெளியை அளக்க அவர் வைத்திருக்கும் ஃபீலர் கேஜ் தகடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வேலையின் நம்பகத்தன்மை முழுவதும் அங்கேதான் இருக்கிறது. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கட்டுகளில் மிக மெல்லிய தகடு பெரும்பாலும் 0.05, அதைக் கொண்டு 'நுழைகிறது' அல்லது 'நுழையவில்லை' என்பதைத் தவிர வேறொன்றும் அறிய முடியாது. இங்கே 0.02 முதல் ஒவ்வொரு நூறில் ஒரு பங்குக்கும் தனித் தகடு இருக்கிறது. 0.05 தகடு லேசான உராய்வோடு இழுபட்டு வர வேண்டும், 0.06 நுழையக் கூடாது. இதுதான் அவர் ஏற்கும் அளவு. தனியொரு தகட்டை வைத்துக்கொண்டு எவ்வளவு உராய்ந்தால் சரி என்று கையின் உணர்வை மட்டும் நம்புவதைவிட இது பல மடங்கு மேலானது. மழை ஓயாத இந்த ஊர்களின் ஈரத்தில் மெல்லிய தகடுகள் எளிதில் துருப்பிடிக்கும், துரு படிந்த 0.05 தகடு 0.05 ஆக இருக்காது. ஆகையால் ஒவ்வொரு பாவனைக்குப் பிறகும் எண்ணெய்த் துணியால் துடைத்து ஒரு பழைய பால்மாத் தகரத்துக்குள் போட்டு மூடுகிறார். மடங்கிய தகட்டை நிமிர்த்திப் பயன்படுத்துவதில்லை, வெட்டி எறிகிறார்.

தகடு எவ்வளவு நல்லதானாலும் ஓரிடத்தில் ஏமாற்றும். பழைய என்ஜினில் திருகின் நுனியோ வால்வுத் தண்டின் தலையோ குழிந்து தேய்ந்திருந்தால், தட்டையான தகடு குழியின் மேல் பாலம்போல் படுத்துவிடும், தகடு 0.05 என்று சொல்லும்போது உண்மை வெளி அதைவிட அதிகமாக இருக்கும். என் அயலவர் ஒருவரின் சி 90 எத்தனை முறை சரிசெய்தாலும் தட்டிக்கொண்டே இருந்ததற்கு இதுவே காரணம். பாஸ் திருகைக் கழற்றி நுனியை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். நடுவில் ஒரு சிறு கிண்ணம். புதிய திருகு போட்டபின் சத்தம் நின்றது. இதைக் கண்டுபிடிக்கத் தகட்டோடு கண்ணும் வேண்டும்.

திருகைச் சரியான இடத்தில் நிறுத்திப் பூட்டு நட்டை இறுக்கும்போது திருகு சற்று நகர்ந்துவிடும் என்பது எல்லா மெக்கானிக்குக்கும் தெரியும். அரை மில்லிமீட்டர் புரியிடைவெளி கொண்ட திருகில் 0.05 என்பது ஒரு சுற்றின் பத்தில் ஒரு பங்குதான். கை சிறிது பிசகினாலே அளவு பாதியாகவோ இரட்டிப்பாகவோ ஆகிவிடும். தெரிந்தும் பலர் இறுக்கிய கையோடு மூடியைப் போட்டுவிடுவார்கள். இவர் இறுக்கியபின் அளக்கிறார், பிறகு ஃப்ளைவீலை இரண்டு சுற்றுச் சுற்றி அதே உச்சிக்குக் கொண்டுவந்து மறுபடியும் அளக்கிறார். இரண்டாவது அளவு ஒத்துவராமல் திரும்பவும் தளர்த்தியதை நானே பார்த்திருக்கிறேன்.

இவை எல்லாவற்றையும்விட நான் மதிப்பது அவருடைய சீ.ஆர். கொப்பியை, அதாவது கணக்கெழுதும் தடித்த அட்டைக் கொப்பியைத்தான். பிற இடங்களில் வேலை முடிந்ததும் "சரியாக்கிட்டேன்" என்பார்கள். எதிலிருந்து எதற்குச் சரியாக்கினார்கள் என்பது எவருக்கும் தெரியாது. இங்கே திருகைத் தொடுவதற்கு முன்பே இருக்கிற வெளியை அளந்து, வண்டி இலக்கம், திகதி, மீட்டர் வேலை செய்தால் கிலோமீட்டர், உள் வால்வு, புகை வால்வு என்று கோடு போட்ட பக்கத்தில் எழுதுகிறார். சரிசெய்தபின் உள்ள அளவு எப்போதும் 0.05 ஆகத்தான் இருக்கும், அதில் செய்தி இல்லை. முன்னர் இருந்த அளவில்தான் என்ஜினின் உடல்நிலை தெரிகிறது. வெளி கூடியிருந்தால் ராக்கரோ கேமோ திருகோ தேய்கிறது, எண்ணெயைப் பார்க்க வேண்டும். இந்தச் சிறிய என்ஜின்களில் ஒரு லீற்றருக்கும் குறைவான எண்ணெய்தான் பிடிக்கிறது, அது சற்றுக் குறைந்தாலும் முதலில் வறண்டுபோவது மேலேயுள்ள கேம்தான். வெளி குறைந்திருந்தால் வால்வு தன் இருக்கைக்குள் அமிழ்ந்துகொண்டிருக்கிறது. சிறிது அமிழ்வது இயல்பு. ஒவ்வொரு முறையும், அதுவும் முன்னைவிடக் குறைந்த ஓட்டத்திலேயே, புகை வால்வு மட்டும் இறுகி வந்தால் அது இயல்பல்ல.

என் வண்டியின் பக்கத்தில் உள் வால்வு ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நிற்க, புகை வால்வு 0.03, பிறகு 0.02, அதற்கடுத்த முறை 0.02 தகடும் நுழையாத நிலை என்று இறங்கி வந்திருந்தது. பாஸ் அந்த வரிசையை விரலால் காட்டி, "இது இனி டெப்பட் வேல இல்ல சேர். தலையக் கழட்டணும்" என்றார். திருகைத் தளர்த்திக் கொடுத்து அனுப்பியிருந்தால் இன்னும் சில மாதம் ஓடியிருக்கும், அவருக்கும் திரும்பத் திரும்ப வேலை கிடைத்திருக்கும். தலையைக் கழற்றியபோது வால்வின் விளிம்பு ஒரு பக்கம் மெலிந்து, இருக்கையில் கரிய கீற்று ஒன்று ஓடியிருந்தது. வால்வை மாற்றி, இருக்கையைச் சீவும் வேலையை லேத் பட்டறையொன்றுக்கு அனுப்பி, அரைத்துப் பொருத்தி, பெற்றோல் ஊற்றிக் கசிவு பார்த்துத் தந்தார். விளிம்பு உடைந்து பிஸ்டன் மேல் விழுந்திருந்தால் செலவு பல மடங்காகியிருக்கும். கொப்பியில் அந்தச் சில எண்கள் இல்லாமலிருந்தால் அப்படித்தான் ஆகியிருக்கும்.

ஒரு விடயத்தில் எனக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு உண்டு. மரக்கறி மூட்டை ஏற்றிப் போகும் வண்டிகளுக்கு அவர் புகை வால்வில் 0.05 க்குப் பதிலாக 0.07 வரை விடுகிறார். ஏற்றத்தில் என்ஜின் கொதிக்கும்போது கையிருப்பாக இருக்கட்டும் என்பது அவர் வாதம். இறுக்கத்தைவிடத் தளர்வு பாதுகாப்பானது என்ற அளவில் அது சரிதான். ஆனால் கேமின் மேடு திடீரென்று எழுவதில்லை, வால்வை மெதுவாகத் தொட்டு மெதுவாக இறக்கிவிடுவதற்கு இரு பக்கமும் ஒரு சிறு சரிவு செதுக்கப்பட்டிருக்கிறது. வெளியை அதிகமாக்கினால் ராக்கர் அந்தச் சரிவைத் தாண்டி விழுந்து வால்வை அடிக்கத் தொடங்கும், திருகு நுனி குழிவதும் இருக்கை அடிபடுவதும் அப்படித்தான் ஆரம்பிக்கின்றன. 0.07 அந்த எல்லையைத் தாண்டாது என்றே நினைக்கிறேன். இருந்தாலும் கைநூலில் உள்ள அளவே என் வண்டிக்குப் போதும் என்று சொல்லி வைத்திருக்கிறேன், அவரும் அதைக் கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டார். வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்பதும் ஒரு நல்ல குணம்தான்.

டெப்பட்டுக்குப் பின் பொயின்ட் (பிளக்கில் தீப்பொறி வரும் நேரத்தைத் தீர்மானிக்கும் தொடுமுனை), அதற்குப் பின் கார்புரேட்டர் என்ற வரிசையை அவர் மாற்றுவதில்லை. பொயின்ட் வைத்த பழைய வண்டிகளில் அதன் இடைவெளியை 0.3 க்கும் 0.4 மில்லிமீட்டருக்கும் இடையில் வைத்துவிட்டுத்தான் ஐட்லிங் திருகைத் தொடுவார். வால்வு கசியும் என்ஜினில் ஐட்லிங்கை ஏற்றி வைப்பது நோயை மூடி மறைப்பதாகும் என்பதால் இந்த ஒழுங்கு எனக்கும் உடன்பாடே.

இனிக் குறைகள். இந்த என்ஜின்களில் சிலிண்டர் கிட்டத்தட்டக் கிடையாகப் படுத்திருப்பதால் உள் வால்வின் மூடி மேலேயும் புகை வால்வின் மூடி கீழேயும் இருக்கின்றன. கீழ் மூடியிலுள்ள ரப்பர் வளையம் கெட்டிப்பட்டிருந்தால் எண்ணெய் சொட்டும். அதை ஒவ்வொரு முறையும் மாற்றுவதே முறை. இங்கே பழைய வளையத்தையே போட்டு, மேலே சிலிக்கன் பசை தடவி மூடிவிடுகிறார்கள். சொட்டு நின்றாலும் பசையின் உபரி உள்ளே பிதுங்கி, பிய்ந்து, எண்ணெய் ஓடும் வழியில் அடைத்துக்கொள்ளக் கூடும். இவ்வளவு நுணுக்கமாக அளக்கும் ஒருவர் இத்தகைய மலிவான பொருளில் ஏன் சிக்கனம் பார்க்கிறார் என்பது எனக்கு விளங்கவில்லை. நீங்கள் போவதாக இருந்தால் இரண்டு வளையங்களை உதிரிப்பாகக் கடையில் வாங்கிக் கையோடு கொண்டுபோங்கள். கொடுத்தால் மறுக்காமல் போட்டுத் தருகிறார்.

பற்றுச்சீட்டு கிடையாது. கொப்பியிலுள்ள அளவுகளின் பிரதியும் தருவதில்லை, கேட்டால் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளச் சொல்வார். எடுத்துக்கொள்ளுங்கள், வண்டியை விற்கும் நாளில் அது உதவும். தொலைபேசியில் நாள் குறித்துக்கொள்ளும் வழக்கம் இல்லாததால், முந்திய மாலை உங்களுக்கு முன்னால் வேறு யாராவது வண்டி விட்டிருந்தால் உங்கள் முறை அடுத்த காலைக்குத் தள்ளிப்போகும். கூரை முன்பக்கம் திறந்திருப்பதால் தென்மேல் பருவ மழை சாரலடிக்கும் நாட்களில் டெப்பட் மூடியைத் திறக்கவே மாட்டார். நீர்த்துளி கேம் அறைக்குள் போகக் கூடாது என்ற எச்சரிக்கை சரியானதே, ஆனால் ஜூன், ஜூலையில் அவசரத்துக்கு இவரை நம்ப முடியாது. இரவு வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸில் வீடு திரும்ப வேண்டியிருப்பதால், உள்ளே தள்ளியுள்ள தோட்டங்களிலிருந்து வருபவர்கள் கடைசி பஸ்ஸின் நேரத்தை விசாரித்துக்கொண்டு வருவது நல்லது.

கூலி நியாயமானது. டெப்பட்டுக்கு மட்டும் வாங்கும் தொகை, டவுனில் காதால் கேட்டுத் திருகுபவர்கள் வாங்குவதைவிடச் சற்று அதிகம். ஆனால் பொயின்ட்டையும் ஐட்லிங்கையும் அதற்குள்ளேயே பார்த்துத் தருகிறார். தலையைக் கழற்றும் வேலைக்கு முன்கூட்டியே தொகை சொன்னார், முடிவிலும் அதே தொகைதான் கேட்டார். லேத் பட்டறைக் காசு மட்டும் தனி.

ராக்கர் இல்லாமல் கேம் நேரடியாக வால்வின் மேலுள்ள கிண்ணத்தை அழுத்தும் புதிய வகை என்ஜின்களை, அதாவது வில்லைத் தகடு மாற்றி இடைவெளி சரிசெய்ய வேண்டியவற்றை, அவர் தொடுவதில்லை. அத்தகைய வண்டிகளை நேரே கம்பெனி சேவை நிலையத்துக்குக் கொண்டுபோகச் சொல்கிறார். திருகும் பூட்டு நட்டும் வைத்த பழைய ஹொண்டா, பஜாஜ் வண்டிகள் வைத்திருப்பவர்கள் போகலாம். கடை ஞாயிற்றுக்கிழமையும் போயா (பௌர்ணமி விடுமுறை) தினத்திலும் பூட்டு. மற்ற நாட்களில் மாலை 6 மணிக்கு முன் வண்டியைக் கொண்டுபோய் விட்டால், மழை இல்லாத மறுநாள் காலை 10 மணிக்குள் எடுத்துக்கொள்ளலாம்.